பார்லர் நடத்தும் பெண்களே, 'முடியாது' என்று சொல்லிப் பழகுங்கள்!

வீட்டு முன் அறையில் ஒரு பெரிய கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, வாசலில் ஒரு போர்டு... இப்படி பியூட்டி பார்லர் நடத்தும் பெண்கள் இன்று தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களில் பலர் வைத்தியத்துக்கு என்னிடம் வருவதுண்டு. கழுத்து வலி, காலில் நரம்புச் சுருட்டு, வயிற்றெரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு. நாடி பார்க்கும் முன்பே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்குக் காலையிலிருந்து எத்தனை தடவை பாத்ரூம் போனீங்க?"

பெரும்பாலும் சிரிப்புதான் பதில். "எங்க டாக்டர் போறது? ஒருத்தருக்கு ஃபேஷியல் முடியறதுக்குள்ள அடுத்தவங்க வந்து உட்கார்ந்துடறாங்க. காக்க வச்சா கோவிச்சுக்குவாங்க!"

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. தும்மல், கொட்டாவி, இருமல், பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், கண்ணீர் என்று உடம்பு தானாகவே வெளிப்படுத்தும் உந்துதல்கள் இவை. வலிந்து அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். பசி, தாகம், தூக்கம், சிறுநீர் நான்கையும் ஒரே நாளில் அடக்குகிறவர் யார் தெரியுமா? முகூர்த்த நாளில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிற நீங்கள்தான். நீர்க்கடுப்புக்கு நான் மருந்து கொடுக்கலாம். ஆனால் கஸ்டமரிடம் "பத்து நிமிஷம் இருங்கம்மா" என்று சொல்ல உங்களுக்கு வாய் வராத வரை அது திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். (காய்ச்சலோ, சிறுநீரில் ரத்தமோ இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரைப் பார்த்து, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.)

நேரில் சொல்லக் கூச்சமா? போர்டு சொல்லட்டும். வேலை நேரம், சாப்பாட்டு நேரம், ரேட் மூன்றையும் பெரிதாக எழுதி மாட்டுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் கால் மணி நேரம் இடைவெளி விட்டே நேரம் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப்புக்குக் காலையில் பதில் போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இதைவிட முக்கியமான 'முடியாது' ஒன்று இருக்கிறது. அது கஸ்டமரின் தோலைக் காப்பாற்றுவது. "நாளைக்கு நிச்சயதார்த்தம்க்கா, இன்னிக்கே டை போட்டு விடுங்க" என்று ஒருவர் வந்து நிற்பார். கறுப்பு டைகள் பலவற்றில் பாரா ஃபினைலின் டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. வருஷக்கணக்காக டை போட்டுக்கொள்பவருக்குக்கூட இது திடீரென்று ஒவ்வாமல் போகலாம். அன்றே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து கண் இமை வீங்கி, நெற்றியில் நீர்க்கொப்புளம் கிளம்பும். நிச்சயதார்த்தம் என்னாவது? காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகுதான் தலையில் வைக்க வேண்டும். மூலிகை டை என்று அட்டையில் அச்சடித்திருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். மருதாணி ஒருநாளும் கன்னங்கரேலென்று பற்றாது. அப்படிப் பற்றுகிற கோனில் டை கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

படர்தாமரை இருக்கிற இடத்தில் வாக்சிங் செய்யாதீர்கள். அவருக்கும் பரவும், உங்களுக்கும் தொற்றும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகாதவருக்கும் வாக்சிங் வேண்டாம். தோலே உரிந்து வந்துவிடும். சிவப்பாக வேண்டும் என்று ஸ்டீராய்டு கிரீம் பூசிப் பூசி முகம் மெலிந்து போனவர்களும் வருவார்கள். 2018ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல கிரீம்களை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. அந்த முகத்தில் பிளீச் போட்டால் எரியும். பழி உங்கள் மேல் விழும். மச்சம், மரு எடுப்பது உங்கள் வேலையே இல்லை. டாக்டரிடம் அனுப்பி விடுங்கள்.

எப்படிச் சொல்வது? சுருக்கமாகத்தான். "இன்னிக்கு வேண்டாம்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, நானே பண்ணித் தரேன்." அவ்வளவு போதும். காரணத்தை அடுக்க அடுக்க எதிராளிக்குப் பேரம் பேச இடம் கிடைக்கும். "அந்தத் தெரு பார்லர்ல பண்றாங்களே" என்றால், "சரிம்மா" என்று விட்டுவிடுங்கள்.

கஷ்டம் சொந்தக்காரர்களிடம்தான். நாத்தனார், எதிர்வீட்டு அக்கா எல்லோரும் "கணக்குல வச்சுக்கோ" என்பார்கள். மாதம் ஒரு தடவை இனாமாகச் செய்யப் பிரியமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு மேல் எல்லோருக்கும் ஒரே ரேட். கல்யாண ஆர்டருக்கு முன்பணம் வாங்காமல் தேதி எழுதாதீர்கள். அறிமுகமில்லாத வீட்டுக்குக் கூப்பிட்டால் உதவிக்கு ஒரு பெண்ணோடுதான் போக வேண்டும். தனியாகத்தான் வரணும் என்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம்.

கையுறை விஷயத்திலும் பலருக்குத் தயக்கம். "என்னைத் தொட அருவருப்பா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று வெறுங்கையால் டை கலக்கிறார்கள். சில வருஷத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, அரிப்பில் தூக்கம் போகிறது. நைட்ரைல் கையுறை போடுங்கள். யாராவது கேட்டால், "எனக்குக் கை ஒத்துக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். இரவில் கையைக் கழுவி ஈரம் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிப் படுங்கள். வெடிப்பில் நீர் கசிந்தால் மட்டும் எண்ணெய் தடவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.