பாசறையில் அரும்பிய இல்லறம்

நுழையும்முன்

போர்மேற் சென்ற தலைவனையும் அவன் வரவுநோக்கி ஆற்றியிருக்கும் தலைவியையும் சங்க இலக்கியத்தின் முல்லைத்திணை காட்டுகிறது. அங்கே பாசறை தலைவனுக்கு உரியது. இல்லம் தலைவிக்கு உரியது. இருபதாம் நூற்றாண்டின் விடுதலைப் போரில் பாசறை இருவருக்கும் உரியதாயிற்று. அப்பாசறையில் அறிமுகமாகி, நாற்பத்தைந்து ஆண்டுகள் இல்லறம் நடத்திய இணையரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரே கொடியின்கீழ்

1914ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1940ஆம் ஆண்டு சிங்கப்பூர் சென்று, அங்கு வாழ்ந்த ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் செய்தார். பஞ்சாபைச் சேர்ந்த பிரேம்குமார் சாகல், ஆங்கிலேய அரசின் இந்தியப் படையில் அலுவலராக இருந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்டவர்களுள் அவரும் ஒருவர்.

1943ஆம் ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய இராணுவத்தில் மகளிருக்கென ஜான்சிராணி படை அமைந்தது. அதன் தலைமையை லட்சுமி ஏற்றார். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப்பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர். நேதாஜியின் படைத்துறைச் செயலராகப் பணியாற்றிய பிரேம், பின்னர் பர்மாவின் போப்பா மலைப்பகுதியில் ஒரு படைப்பிரிவை வழிநடத்தினார். பணியின்பொருட்டு வளர்ந்த நட்பு, காதலாகக் கனிந்தது.

செங்கோட்டையும் பர்மாவும்

1945ஆம் ஆண்டு போரின் போக்கு மாறியது. ஏப்ரலில் பிரேம் சரணடைய நேர்ந்தது. லட்சுமியும் பர்மாவில் பிடிபட்டார். பிரேம்குமார் சாகல், ஷா நவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீதும், மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தனர் என்னும் குற்றச்சாட்டின்பேரில் 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் விசாரணை தொடங்கியது. பூலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார்.

அந்நாள்களில் பிரேம் செங்கோட்டையில் தீர்ப்பை எதிர்நோக்கியிருந்தார். லட்சுமி பர்மாவில் காவலில் இருந்தார். முல்லைத்திணைத் தலைவிக்குத் தலைவன் மீளும் பருவமாகக் கார்காலம் குறிக்கப்பட்டிருந்தது. இவ்விருவருக்கோ அத்தகைய பருவம் எதுவும் குறிக்கப்படவில்லை. மூவருக்கும் வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மக்கள் எழுச்சியின் விளைவாக 1946 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் லட்சுமி தாயகம் திரும்பினார்.

படை கலைந்த பின்னர்

1947 மார்ச்சில் லாகூரில் இருவருக்கும் திருமணம் நடைபெற்றது. ஐந்தே திங்களில், மணம் நிகழ்ந்த அந்நகரம் வேறொரு நாட்டின் நகரமாயிற்று. இணையர் கான்பூரில் குடியேறினர்.

விடுதலை பெற்ற இந்தியாவின் படையிலும் இந்திய தேசிய இராணுவத்தினர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. எந்த நாட்டின் விடுதலைக்காக உயிரைப் பணயம் வைத்தனரோ, அந்நாட்டின் சீருடையை அவர்கள் அணிய இயலவில்லை. படைத்தொழில் பயின்ற பிரேம், நெசவாலைப் பணியில் தம் வாழ்வைப் புதிதாகத் தொடங்கினார். பிரிவினையால் வீடிழந்து கான்பூர் வந்தடைந்த அகதிகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் லட்சுமி மருத்துவம் செய்தார். இரு பெண்மக்களை வளர்த்த அவ்வில்லறத்தில் பதவியோ பதக்கமோ எஞ்சவில்லை, கடமையுணர்வு எஞ்சியது. 1971ஆம் ஆண்டு வங்காள எல்லை அகதி முகாம்களிலும், 1984ஆம் ஆண்டு நச்சுவாயுக் கசிவுக்குப்பின் போபாலிலும் லட்சுமி மருத்துவப் பணியாற்றினார்.

நினைவும் கடமையும்

1992 அக்டோபரில் பிரேம் மறைந்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் லட்சுமி வாழ்ந்தார். படைவீரரின் மனைவி என்றால் காத்திருப்பவர், அவர் மறைந்தபின் வருந்துபவர் என்னும் பொதுவான எண்ணம் இவருக்குப் பொருந்தவில்லை. இழந்தவர் கணவர் மட்டுமல்லர். ஒரே அணியில் நின்ற தோழர். 1997ஆம் ஆண்டு வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில், அப்படையில் உடனிருந்தோரின் வரலாற்றையும் லட்சுமி பதிவுசெய்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைக் கவனித்தார். 2012 ஜூலையில் அவர் மறைந்தபோது, அவருடைய உடல் மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டது.

போரில் வீழ்ந்தோர்க்கு நடுகல் எடுத்தல் பழந்தமிழர் மரபு. போர்முனையில் வீழாது, நெடுநாள் வாழ்ந்து மறைந்த படைவீரர்க்கு நடுகல் இல்லை. அவர் எதன்பொருட்டுப் படையில் சேர்ந்தாரோ, அதனை விடாது தொடர்தலே அவர்க்குரிய நினைவுச்சின்னம்.

தெரிந்து தெளிவோம்

லட்சுமிக்கு 1998ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டவர்கள் இருவர். ஒருவர், வெற்றிபெற்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், மற்றவர் லட்சுமி சாகல்.

கற்பவை கற்றபின்

1. முல்லைப்பாட்டின் தலைவியையும் லட்சுமியையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊரில் வாழும் முன்னாள் படைவீரர் குடும்பத்தினரைச் சந்தித்து, பிரிவுக்காலத்தில் அவர்கள் இல்லத்தை நடத்திய முறையைக் கேட்டறிந்து தொகுக்க.