கூத்துப் பதிவும் வன்தட்டுத் தேர்வும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதிக் களஆய்வு நோக்கில்

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, களஆய்வு, காணொளி, வன்தட்டு, பாடப் பாதுகாப்பு

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வில் காணொளிப் பதிவு துணைக்கருவி என்னும் நிலையைக் கடந்து மூலபாடமாகவே அமைகின்றது. திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக்களில் விடியவிடிய நிகழும் தெருக்கூத்து இதற்குத் தக்க சான்று. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இயங்கத் தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியின் வேளாண் நிலங்கள் தொழிற்பேட்டைகளாகி வருகின்றன. ஊர்ச்சூழல் மாறிய நிலையில், இத்தகைய பகுதிகளில் முன்னர் மினிடிவி, விஎச்எஸ் நாடாக்களில் எடுத்த பதிவுகள் மீண்டும் எடுக்க இயலாதவை. அவற்றைக் கணினிக்கு மாற்றுவதற்குரிய வன்தட்டைத் தேரும் நெறிகளை இக்கட்டுரை ஆராய்கின்றது.

கொள்ளளவு

மினிடிவி நாடாவிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் தரவு வருகின்றது. ஒரு மணிநேரத்திற்கு 13 கிகாபைட். எட்டு மணிநேரக் கூத்திற்கு 104 கிகாபைட் வேண்டும். விஎச்எஸ் நாடாவைச் சுருக்கமின்றி மாற்றினால் மணிக்கு ஏறத்தாழ 75 கிகாபைட், கூத்து முழுமைக்கும் 600 கிகாபைட் ஆகும். ஃபேட்32 கோப்பமைப்பு 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. மினிடிவிப் பதிவு ஏறத்தாழ இருபதாம் நிமிடத்தில் தடைபடும். எனவே என்டிஎஃப்எஸ் போன்ற அமைப்பே ஏற்றது.

எழுதும் வேகம்

நாடா தன் வேகத்தில் ஓடும்; தட்டு பின்தங்கினால் காத்திராது. விநாடிக்கு 25 சட்டகங்களுள் சில விடுபடும். ஆதலின் விற்பனையாளர் குறிக்கும் உச்ச வேகத்தைக் காட்டிலும், தொடர்ந்து நிலைக்கும் குறைந்தபட்ச வேகமே அளவுகோல். தட்டு நிரம்பி உள்வட்டங்களில் எழுதும்போது வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இயங்குதளம் உள்ள தட்டிலேயே பதிந்தால் எழுதுமுனை இருபணிகளுக்கிடையே அலையும். நிமிடத்திற்கு 7200 சுற்றுடைய தனித்தட்டைப் பதிவுக்கென ஒதுக்கி, அதில் இடம் மீதம் வைத்தல் நன்று.

பாடப் பாதுகாப்பு

ஏட்டில் சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர் பிற ஏடுகளோடு ஒப்பிட்டு நிரப்புவர். உ.வே.சாமிநாதையர் பதிப்புகள் இந்நெறிக்குச் சான்று. கட்டியங்காரன் அவ்விரவில் இட்டுக்கட்டிய உரைக்கோ ஒப்புநோக்க வேறு படி இல்லை. விடுபட்ட சட்டகத்தோடு ஒரு சொல்லும் மறையக்கூடும். எனவே மாற்றம் முடிந்ததும் விடுபட்ட சட்டகங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்து, குறையிருப்பின் அந்நாடாவை மீண்டும் ஓட்டிப் பதிதல் வேண்டும்.

முடிவுரை

வன்தட்டுத் தேர்வு பாடத்தூய்மை சார்ந்த ஆய்வுநெறியே. நிதி குறைவாயின் ஒரு பெருந்தட்டைவிட, நடுத்தரக் கொள்ளளவுடைய இரு தட்டுகளை வாங்கி, நிகர்படிகளை வெவ்வேறு இடங்களில் காத்தலே பொருந்தும்.