புள்ளியும் கோடும்: இல்லத்தில் ஓர் இனிய பொழுது



மனிதனுக்கு மகிழ்ச்சி தருபவை இரு வகை. பணம் செலவழித்து, வெளியே சென்று, பிறரைக் கொண்டு பெறுவது ஒரு வகை. வீட்டிலேயே, நம் கையாலேயே, ஏறக்குறையச் செலவே இல்லாமல் பெறுவது மற்றொரு வகை. மல்லிகைச் செடிக்கு நீர் ஊற்றுவது, மாலையில் பூத்தொடுப்பது, பழைய தபால்தலைகளை அடுக்கி வைப்பது, தேவாரத்தை வாய்விட்டுப் பாடிப் பார்ப்பது ஆகியவை யாவும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. முதுமையில் கைகொடுப்பவையும் இவையே. ஓய்வு பெற்ற பின் பொழுது போகவில்லை என்று வருந்துவோர் நம்மிடையே பலர். பொழுது தானாகவே போய்விடும். அது எதையேனும் நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறதா என்பதே கேள்வி.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் கற்பித்தவன் நான். இவ்வாண்டு மலருக்குப் பயனுள்ள பாடம் ஒன்றை எழுதித் தரும்படி செயற்குழு நண்பர்கள் பணித்தபோது, எல்லா இல்லங்களிலும் அறிந்ததாகவும், ஆனால் பலரும் நின்று கவனியாததாகவும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் கோலம்.

கோலத்தின் வகைகள்

வாசலைக் கழுவி, ஈரம் காயுமுன் மாவால் கோலமிடுவது நம் முன்னோர் வகுத்த காலைக் கடமை. அரிசி மாவால் இட்டால் எறும்புக்கும் சிறு குருவிக்கும் அன்றைய உணவு ஆகும். நாளின் முதல் வேலையே பிற உயிர்க்கு ஈவதாக அமைவது எத்தனை சிறப்பு! இக்காலத்தில் கல்மாவுதான் பெரும்பாலும் கடைகளில் கிடைக்கிறது. கோடு பளிச்சென்று விழுமே தவிர, எறும்புக்கு அதனால் பயனில்லை. இரண்டையும் கலந்து இடுவோரும் உண்டு.

ஊறவைத்த அரிசியை அரைத்துக் கரைத்து, துணியை நனைத்து விரல்வழியே வழியவிட்டுப் போடுவது மாக்கோலம். திருமணம், விரதம், பூசை நாள்களில் இதற்கே முதலிடம். புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பூவும் விளக்கும் மயிலுமாக வரைவது ஒரு வகைப் புள்ளிக்கோலம். புள்ளியைத் தொடாமல், அதனைச் சுற்றிச் சுற்றிக் கோட்டை வளைத்துக்கொண்டு போவது சிக்குக்கோலம். கம்பிக்கோலம் என்றும் சொல்வர். தீபாவளிக் காலத்தில் இந்நாட்டுப் பேரங்காடிகளில் நாம் காணும் வண்ண அரிசிக் கோலம் கண்ணுக்கு விருந்துதான். எனினும் அதற்குப் பலர் கூடவேண்டும். நான் சொல்ல வந்தது ஒருவர் தனியே அமர்ந்து மகிழத்தக்க புள்ளிக்கோலமும் சிக்குக்கோலமும்.

பாடம் ஒன்று: புள்ளிக் கணக்கு

புள்ளி வைப்பதில் இரண்டு முறைகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி வந்தால் அது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளின் நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வந்தால் அது ஊடுபுள்ளி. இடைப்புள்ளி என்பதும் இதுவே.

‘ஊடுபுள்ளி, 7 முதல் 4 வரை’ என்று நம் பெண்கள் சொன்னால் என்ன பொருள்? நடு வரிசையில் 7 புள்ளிகள். அதற்கு மேலும் கீழும் 6, பிறகு 5, பிறகு 4. மொத்தம் எத்தனை? 7 + 2 × (6 + 5 + 4) = 37. இதே முறையில் 3 முதல் 2 வரை வைத்தால் 7 புள்ளிகள். 5 முதல் 3 வரை என்றால் 19. 9 முதல் 5 வரை என்றால் 61.

இவ்வெண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1, 7, 19, 37, 61. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு 6, 12, 18, 24. யாவும் 6இன் மடங்குகள்! காரணம் எளிது. இக்கோலத்தின் வடிவம் தேன்கூட்டின் அறையைப் போன்ற அறுகோணம். ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் ஆறு பக்கங்களிலும் ஒரு சுற்று கூடுகிறது.

இனி, நடு வரிசையில் 5 புள்ளி வைத்து இருபுறமும் 1 வரை குறைத்து வாருங்கள். 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1. கூட்டினால் 25. அதாவது 5 × 5. ஏழில் தொடங்கினால் 49. அதாவது 7 × 7. இது எப்படி? தலையைச் சற்றுச் சாய்த்துப் புள்ளிகளைச் சாய்ந்த வரிசைகளாகப் பாருங்கள். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைகள் தெரியும். வர்க்க எண்ணை வகுப்பில் விளக்கப் பெரும்பாடு படும் ஆசிரியர்களே, இதைவிட எளிய கருவி வேறு உண்டோ?

பாடம் இரண்டு: கம்பிக் கணக்கு

சிக்குக்கோலத்தின் அழகு, எடுத்த கோடு எங்கும் அறுபடாமல் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே சேர்வதில் உள்ளது. சில கோலங்கள் ஒரே கம்பியில் முடிந்துவிடும். சிலவற்றுக்கு இரண்டு, மூன்று கம்பிகள் தேவைப்படும். எத்தனை கம்பி என்பதைப் போடுமுன்பே சொல்ல முடியுமா? முடியும்.

தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்புள்ளியாக 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி வையுங்கள். விதி இரண்டே. பக்கத்திலோ மேல்கீழாகவோ அடுத்தடுத்து இருக்கும் எந்த இரு புள்ளிகளுக்கும் நடுவில் கோடுகள் சாய்வாகக் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் வெளிப்புறப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். இவ்விதி வழுவாமல் சென்றால், ஒரே கோடு ஆறு புள்ளிகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும்.

இப்போது 2க்கு 2 வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலையாக, ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு நீள்வளையங்கள் கிடைக்கும். ஒரே கம்பியில் வராது. 3க்கு 3 என்றால் மூன்று கம்பிகள். 3க்கு 4 என்றால் மீண்டும் ஒரே கம்பி. 4க்கு 6 என்றால் இரண்டு. 6க்கு 9 என்றால் மூன்று.

விடையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அதுவே கம்பிகளின் எண்ணிக்கை! பிள்ளைகள் பயிற்சிப் புத்தகத்தில் முகம் சுளித்துக்கொண்டு போடும் கணக்கு, நம் வீட்டு வாசலில் மாவாக விழுந்து கிடக்கிறது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. 3க்கு 3 கோலம் மூன்று கம்பிகளாகத்தான் இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தில், வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிடுங்கள். அந்த இரண்டும் ஒரே கம்பியாகிவிடும். மூன்று கம்பிகளை ஒன்றாக்க, சரியாகத் தேர்ந்த இரண்டு இடங்களில் திருப்பினால் போதும். இதை எவரும் எழுதி வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. பள்ளிப் படியேறாத நம் பாட்டிமார் கை இதை அறிந்திருந்தது. இரு தரப்பார் மோதும் இடத்தில் சற்று வளைந்து கொடுத்தால் இருவரும் ஒருவராகலாம் என்பது குடும்பத்துக்கும் பொருந்தும் பாடமன்றோ!

அறிஞர் உலகில் கோலம்

இவ்வாறெல்லாம் பார்ப்பது ஓர் ஆசிரியரின் கற்பனை என்று எண்ண வேண்டா. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டிலேயே கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கணத்தோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தை வளர்த்தெடுக்கலாம் என்பதை அவர்கள் காட்டினர். சொற்களுக்கு இலக்கணம் இருப்பது போலப் படங்களுக்கும் இலக்கணம் உண்டு என்பதற்கு நம் வாசற்கோலம் சான்றாயிற்று.

ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சொக்வே மக்கள், மணலில் புள்ளி வைத்து அதனைச் சுற்றிக் கோடிழுத்துக் கதை சொல்லும் வழக்கம் உடையவர்கள். ‘சோனா’ எனப்படும் அவ்வோவியங்களை மொசாம்பிக் நாட்டில் பணியாற்றிய கணிதப் பேராசிரியர் பவுலஸ் கெர்டெஸ் விரிவாக ஆராய்ந்தார். மேலே நாம் கண்ட அதே பொதுக் காரணி விதி அங்கும் வருகிறது. கடல் கடந்த இரு மக்கள் தத்தம் மண்ணில் விரலால் ஒரே உண்மையைத் தொட்டிருக்கிறார்கள். அங்கே இக்கலை ஆண்களுடையது என்பது நம்மவர் கவனிக்கத்தக்கது.

எங்கள் வீட்டுக் குறிப்பேடு

என் துணைவியார் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே வாசல்கள் வரிசையாக இருக்கும். பால்வெட்டுக்குப் போகுமுன் அம்மா போடும் கோலத்தைப் பெண் பிள்ளைகள் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காள் போட்டதைப் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்து, மறுநாள் தாங்கள் போடுவார்கள். லயமே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகு, மதிலும் இரும்புக் கதவும் இடையில் வந்துவிட்டன. யார் வீட்டில் என்ன கோலம் என்பது அடுத்த வீட்டாருக்குத் தெரியாது. கோலம் குறைந்ததற்குச் சோம்பல்தான் காரணம் என்று பலர் சொல்வர். பார்த்துக் கற்கும் வழி அடைபட்டுப் போனதே பெரிய காரணம் என்பது என் கருத்து.

2021ஆம் ஆண்டு முழங்கால் அறுவைக்குப் பின் அவரால் குந்தி உட்கார இயலவில்லை. கோலம் நின்றது. அதோடு அவருடைய பேச்சும் குறைந்ததைக் கண்டேன். ஒரு நாள் மாலை கட்டமிட்ட கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, “உனக்குத் தெரிந்த கோலத்தையெல்லாம் சொல், நான் வரைகிறேன்” என்றேன். “ஏழு புள்ளி, ஊடு, நாலுல நிறுத்துங்க” என்பது வரை சரியாக வந்தது. அதற்கு மேல் சொல்ல வரவில்லை. “வாயால சொல்லத் தெரியலைங்க, கைக்குத்தான் தெரியும்” என்றார். ஒரு தட்டில் மாவைப் பரப்பிக் கொடுத்தேன். விரல் தானாக ஓடிற்று. அதைப் பார்த்து நான் படியெடுத்தேன்.

அன்று முதல் மாலை விளக்கு ஏற்றிய பின் அரைமணி நேரம் எங்களுக்கு இதுவே பொழுதுபோக்கு. இதுவரை 112 கோலங்கள் சேர்ந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் கீழே யாரிடமிருந்து வந்தது என்பதையும் எழுதுகிறோம். கோலத்தோடு அந்த மனிதர்களின் கதைகளும் வருகின்றன. காலையில் வாசலில் போடுவது இப்போது நான். அவர் நாற்காலியில் அமர்ந்து திருத்தம் சொல்வார்.

ஒரு பக்கத்தில் மட்டும் 15 புள்ளி வரிசை இருக்கிறது, கோடு இல்லை. அது என் மாமியார் பொங்கலன்று மட்டும் போட்ட கோலம். பாதி வரை வரும், பிறகு துணைவியாரின் விரல் நின்றுவிடும். பலமுறை முயன்றார். கேட்பதற்கு அம்மா இல்லை. அந்த லயத்தில் இருந்தவர்களும் எங்கெங்கோ போய்விட்டார்கள். பொதுக் காரணியைக் கொண்டு நான் ஏதேனும் ஒரு கோலத்தை அப்புள்ளிகளில் வரைந்துவிடலாம். ஆனால் அது அவருடைய அம்மாவின் கோலம் ஆகாது. ஆதலால் அப்பக்கத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.

தொடங்க விரும்புவோருக்கு

1. கட்டமிட்ட புத்தகமும் பென்சிலும் போதும். முதலில் 2க்கு 3 சிக்குக்கோலம், பிறகு 3க்கு 4 எனப் பழகுக.

2. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவை எடுத்து, விரலைத் தரையில் படவிடாமல் சீராக வழியவிடுக. ஒரு தட்டிலோ பலகையிலோ பழகினால் மாவை மீண்டும் பயன்படுத்தலாம்.

3. அடுக்குமாடியில் வாழ்வோர் பூசையறை முன் சிறு மரப்பலகையில் இடலாம். நடைவழியில் மாவு கொட்டிப் பிறர் வழுக்கி விழ இடம் தரலாகாது.

4. குந்த இயலாத முதியோர் மேசைமேல் தட்டு வைத்து நாற்காலியில் அமர்ந்து போடலாம்.

5. பேரப்பிள்ளைகளிடம் ‘எத்தனை கம்பி வரும்?’ என்று பந்தயம் கட்டுங்கள். கைப்பேசியைத் தாமே கீழே வைப்பர்.

6. ஆண்களும் போடலாம். கேலி செய்வோர் இரண்டு நாள் செய்வர். மூன்றாம் நாள் நின்று பார்ப்பர்.

அன்பர்களே, ஆலயம் சமைக்கவும் ஏழைப் பிள்ளைகள் கல்விக்கும் வாரி வழங்கும் கைகள் உங்களுடையவை. அக்கைகளால் இன்னும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ எழுபது, எண்பது வயதுத் தாய் ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவரைக் காணப் போகும்போது பழத்தோடு ஒரு கணக்குப் புத்தகத்தையும் கொண்டு செல்லுங்கள். “உங்கள் அம்மா என்ன கோலம் போடுவார்கள்?” என்று கேளுங்கள். அவர் விரல் ஓடும்போதே படியெடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய காலம் இதுவே. நாளைக்கென்று தள்ளிவைக்க வேண்டா.

எல்லார் இல்லத்து வாசலும் மங்கலமாகத் திகழ இறைவன் அருள் புரிவானாக.