கோல் போடாத பிள்ளை என்ன செய்தாள்?



போன விளையாட்டுப் போட்டியில் வலைப்பந்தாட்டத்தில் வென்ற அணியில், கூடக் கோல் போட்ட பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம் கொடுத்தோம். பரிசுப் பட்டியல் எழுதியவன் நான்தான். அன்று பின்னேரம் விங் டிபென்ஸ் ஆடிய பிள்ளை வந்து, "சேர், இனி நான் வரமாட்டேன். ஒரு கோலும் போடாம என்னத்துக்கு ஓடுறேன்னு அம்மா கேக்குறாங்க" என்றாள். அம்மா கேட்டதில் பிழை இல்லை. கிண்ணத்தைப் பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோணும். ஆகவே இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

வலைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு 7 பேர். அதில் கோல் போட அனுமதி உள்ளவர்கள் 2 பேர் மட்டும்: கோல் ஷூட்டர், கோல் அட்டாக். மற்ற 5 பேரும் எவ்வளவு கெட்டிக்காரிகளாக இருந்தாலும் வளையத்துக்கு எறியவே கூடாது. பந்தைப் பிடித்தவள் அதோடு ஓடவும் முடியாது, 3 செக்கனுக்குள் இன்னொருத்தி கையில் சேர்த்துவிட வேண்டும். கோல் ஷூட்டர் மைதானத்தின் கடைசி மூன்றிலொரு பங்கை விட்டு வெளியே வரக்கூடாது. பந்து அவளைத் தேடி வந்தால்தான் உண்டு.

இன்னொரு சட்டத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுப்பந்து இரண்டு அணிக்கும் மாறி மாறித்தான் கிடைக்கும். இரண்டு பக்கமும் தவறாமல் போட்டுக்கொண்டே போனால் கணக்குச் சமமாகவே நிற்கும். முந்த வேண்டுமென்றால் எதிரணியின் முறையில் யாராவது பந்தைப் பறிக்க வேண்டும். அந்த வேலைதான் விங் டிபென்ஸ், கோல் டிபென்ஸ், கோல் கீப்பருடையது.

நமது நாட்டு அணியையே பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பெண் தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர் குறைவு. உயரம் 208 சென்டிமீற்றர், ஏறக்குறைய 6 அடி 10 அங்குலம். 2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை 69க்கு 50 என்று சிங்கப்பூரை வென்று, 9 ஆண்டுக்குப் பிறகு கிண்ணத்தைக் கொண்டு வந்தது. பேப்பரில் எல்லாரும் 69ஐத்தான் பார்த்தார்கள். அந்த 50ஐயும் பாருங்கள். சொந்த மண்ணில் ஆடிய அணியை அதற்கு மேல் விடாமல் வைத்தது பின்வரிசை. அந்த எண்ணில் கோல் ஷூட்டருக்குப் பங்கு மிகக் குறைவு.

அடுத்த வருடம், 2019இல், இங்கிலாந்தில் லிவர்பூலில் உலகக் கிண்ணம். தர்ஜினி 348 கோல் போட்டார். அந்தப் போட்டித்தொடரில் வேறு எவரும் அவ்வளவு போடவில்லை. ஆனால் இலங்கை 16 அணிகளில் 15ஆவது இடம். எதிரணிகள் பலமானவை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் உலகத்திலேயே கூடக் கோல் போட்டவரால், மைதானத்தின் மற்றக் கோடியில் விழுகிற கோலைத் தடுக்க முடியவில்லை. அங்கே போக அவருக்கு அனுமதியே இல்லையே!

கூடைப்பந்திலும் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் பொஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸல் 1957 முதல் 1969 வரை 13 பருவங்களில் 11 தடவை சம்பியன் அணியில் இருந்தார். எந்தப் பருவத்திலும் அவருடைய சராசரி 20 புள்ளியைத் தொட்டதில்லை. எதிரியின் எறியைத் தடுப்பதும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்து மற்றவர் கையில் கொடுப்பதும்தான் அவர் பெயர் வாங்கிய வேலை.

கவ்வாத்து வெட்டிய ஆளின் பெயர் கொழுந்துத் தராசில் வருவதில்லை. வெட்டாத மலையில் கொழுந்து எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளையின் அம்மாவை லயத்தில் போய்ப் பார்த்தேன். சட்டத்தை விளக்கிவிட்டு, மகள் அன்று ஐந்தாறு தடவை பந்தைப் பறித்தாள் என்றேன். "ஐந்தா, ஆறா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாரும் எண்ணி வைக்கவில்லை.

அதனால் அடுத்த போட்டிக்கு நான் ஒரு கொப்பி கொண்டு வருகிறேன். பறித்த பந்து, தடுத்த எறி, கோலுக்கு முன் கடைசியாகப் பந்து கொடுத்த கை, இந்த மூன்றையும் பிள்ளை வாரியாகக் கோடு போட்டு எண்ணுவோம். ஒரே ஆளால் இரண்டு பக்கமும் பார்க்க ஏலாது. கோட்டோரம் என்னோடு உட்கார்ந்து எண்ண இரண்டு அம்மாமார் வேணும். ஒருவர் ஏற்கெனவே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.