குண்டு எறிபவரின் தரத்தை அளப்பது எப்படி?

மெட்ராலஜி லேபில் வெர்னியர் பிடித்து அளக்கும் நாம், மைதானத்தில் மட்டும் கண்ணை நம்பி 'இவன் சூப்பர் பிளேயர்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் கட்டினேன், பட்டேன்.

பிரெஞ்சுக்காரர் வழியாக நம் புதுச்சேரிக்கு வந்த பெத்தாங் விளையாட்டைத்தான் சொல்கிறேன். தென் பிரான்சின் லா சியோத்தா ஊரில் பிறந்தது. வட்டத்துக்குள் இரு கால்களையும் ஊன்றி நின்று, 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்கு அருகே எஃகுக் குண்டைச் சேர்க்க வேண்டும். எஃகுக் குண்டின் எடை 650 முதல் 800 கிராம். எதிரணிக் குண்டு நெருங்கிவிட்டால் அதை அடித்துத் தள்ளலாம். முதலில் 13 புள்ளி எடுப்பவர்க்கு வெற்றி.

பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங்கில் ஓர் ஆட்டத்தின் உச்சம் 300. அதனால் லீக் ஆட்டக்காரர், பொழுதுபோக்குக்காரர் இருவரையும் சராசரி என்ற ஒரே ஸ்கேலில் நிறுத்தலாம். பெத்தாங்கில் அது முடியாது. 13-2 என்று ஜெயித்தவன் கெட்டிக்காரனா, எதிராளி சோப்ளாங்கியா? ஸ்கோர் சொல்லாது.

எனவே ஆளைத் தனியே நிறுத்தி அளக்க வேண்டும். 7 மீட்டரில் மரக்குண்டை வைத்து ஐந்து குண்டு எறியச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி நின்றது என்று டேப் பிடித்து எழுதுங்கள். ஒருவருக்கு 5, 110, 15, 120, 10 செ.மீ.; இன்னொருவருக்கு 45, 55, 50, 60, 50 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சராசரி 52தான்! ஆனால் வீச்சு முதலாமவருக்கு 115, இரண்டாமவருக்கு 15. இரண்டாமவரின் குண்டெல்லாம் ஒரே பக்கம் குறைவாக விழுந்திருந்தால், அது லேத்தில் ஜீரோ செட்டிங் தவறியது மாதிரி. கொஞ்சம் திருத்தினால் போதும். முதலாமவர் சில நேரம் புள்ளி எடுத்துத் தருவார், சில நேரம் ஆட்டத்தையே கவிழ்ப்பார். ஆகவே தூரத்தோடு திசையையும் குறிக்க மறக்காதீர்கள்.

அடிப்பவருக்கு வேறு சோதனை. உலகப் போட்டிகளில் ஐந்து விதமாக இலக்கு வைத்து, 6, 7, 8, 9 மீட்டரிலிருந்து மொத்தம் 20 அடி. முழு மதிப்பெண் 100. நமக்கு 7 மீட்டரில் பத்து, 9 மீட்டரில் பத்து போதும். 7-இல் எல்லாரும் ஹீரோதான். 9-க்குப் போனதும் எவ்வளவு விழுகிறது என்பதே, என் கணக்கில், பொழுதுபோக்குக்காரரையும் போட்டிக்காரரையும் பிரிக்கும் கோடு.

போன வருடம் மூன்று பேர் டீமுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிராக்டீஸில் ஒருவன் மூன்று 'கரோ' அடித்தான். அதாவது எதிரிக் குண்டைப் பெயர்த்து, தன் குண்டை அதே இடத்தில் உட்கார வைத்தான். கை தட்டி அவனைச் சேர்த்தேன். சத்தமில்லாமல் ஒரே மாதிரி சேர்த்துக்கொண்டிருந்த இன்னொருவனை விட்டுவிட்டேன். முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய சொல்தா பெரியவர் சிரித்தார்.

"இன்னா தம்பி, அவன் அடிச்சத எண்ணினே, சரி. அடிக்காம வுட்டத எவன் எண்றது?"

உண்மைதான். அன்று பிராக்டீஸில் அவன் எத்தனை குண்டு எறிந்தான் என்றே எனக்குத் தெரியாது.

இந்த வருடம் நோட்டும் டேப்பும் என் பையில் இருக்கின்றன. விட்டுப்போன அந்த நண்பன் இதைப் படித்தால், சனிக்கிழமை சாயந்திரம் கிரவுண்டுக்கு வந்து சேரட்டும். முதல் பத்துக் குண்டு அவனுக்குத்தான்.