கணினிப் பக்கம்: “சான்றிதழை நம்ப முடியாது” என்று திரை சொன்னால்

சென்ற வரிக் காலத்தில் எமது சங்க அங்கத்தவரான மாமி ஒருவரின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் ஊருக்குப் போவதற்குப் பழைய மடிக்கணினியில் விமானச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார். இணைப்புப் பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை திரையை நிறைத்தது. “தம்பி, இது நெடுகலும் வாறதுதான். கீழை ஒரு சின்ன எழுத்து இருக்கு, அதை அமத்தினா உள்ளுக்குப் போகலாம்” என்றவர், கடன் அட்டையை எடுத்து இலக்கத்தைத் தட்டத் தொடங்கினார். தடுத்து நிறுத்தினோம். அன்று அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறோம்.

நாம் இந்நாட்டுக்கு வந்த புதிதில் பிறப்புச் சான்றிதழ் முதல் பட்டச் சான்றிதழ் வரை பிரதியெடுத்து, சமாதான நீதவானைத் தேடிக் கையொப்பம் வாங்கியது நினைவிருக்கும். கந்தோரில் இருப்பவருக்கு எம்மைத் தெரியாது. நீதவானின் பதவியை அவர் நம்பினார். அதனால் எமது பிரதியையும் ஏற்றுக்கொண்டார். இணையத்தளங்களுக்கும் இதே ஒழுங்குதான். ஒவ்வொரு தளமும் தன் பெயர் பொறித்த சான்றிதழை நீட்டுகிறது. அதில் சான்றிதழ் வழங்கும் நிறுவனமொன்று கையொப்பமிட்டிருக்கும். எவருடைய கையொப்பம் செல்லும் என்ற பட்டியல் எமது கணினியில் ஏற்கெனவே உண்டு. பெயர், கையொப்பம், திகதி மூன்றில் ஒன்று பிழைத்தாலும் எச்சரிக்கை வரும்.

மாமியின் கணினியில் பிழைத்தது திகதி. மணிக்கூட்டை ஓடவைக்கும் உட்பட்டரி செத்துப்போனதால், மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் அது 2010ஆம் ஆண்டுக்கே திரும்பிவிடுகிறது. அண்மையில் வழங்கிய சான்றிதழ் 2010இல் பிறக்கவேயில்லையே! மணிக்கூட்டைத் திருத்தினோம்; எச்சரிக்கை மறைந்தது.

ஆகவே முதலில் நேரத்தையும் ஆண்டையும் பாருங்கள். அவை சரியென்றால் எச்சரிக்கைப் பக்கத்திலுள்ள ஆங்கிலக் குறியீட்டை வாசியுங்கள். ‘கொமன் நேம்’ என்றிருந்தால் பெயர் பொருந்தவில்லை. முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ‘ஒதோரிற்றி’ என்றிருந்தால் கையொப்பமிட்டவரை உங்கள் கருவி நம்பவில்லை. நூலகத்திலோ விமான நிலையத்திலோ இலவச இணைப்பில் உள்நுழையும் படிமுறை முடியாதபோதும் இப்படி வருவதுண்டு. வீட்டு இணைப்பில், வேறொரு கருவியில் அதே தளத்தைத் திறந்து பார்ப்பது நல்ல சோதனை.

கருவியின் வயதும் ஒரு காரணம். ‘லெற்ஸ் என்கிறிப்ற்’ என்ற இலவசச் சேவையின் சான்றிதழ்கள் பல சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழொன்று, சிட்னி நேரப்படி 2021 ஒக்ரோபர் 1ஆம் திகதி நள்ளிரவு கழிந்து ஒரு நிமிடத்தில் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய ஐபோன்களும் மக் கணினிகளும் பல தளங்களைத் திறக்க மறுத்தன. தளங்களில் குற்றமில்லை, கருவியிலிருந்த பட்டியல்தான் பழசு.

கையொப்பமிடுபவரிடமே பிழை நேர்ந்தால்? 2014 யூலை 2ஆம் திகதி, இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில் கூகிள் தளங்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகிள் கண்டுபிடித்தது. அவற்றை வைத்திருப்பவர் கூகிளாக நடிக்கலாம். விண்டோஸ் கணினி ஒரு சொல்லும் சொல்லாது. இந்திய அதிகாரசபையை மைக்ரோசொவ்ற் தன் பட்டியலில் சேர்த்திருந்ததே காரணம். பயர்பொக்ஸ் தனக்கென வேறு பட்டியல் வைத்திருந்ததால் தப்பியது. மறுநாளே அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் இரத்துச் செய்யப்பட்டன. அரசாங்க முத்திரை என்பதற்காக எதையும் கண்ணை மூடி ஏற்கவேண்டியதில்லை என்பது கணக்காளரான எமது அபிப்பிராயம்.

பணமோ கடவுச்சொல்லோ கேட்கும் தளத்தில் எச்சரிக்கை வந்தால், காரணம் தெரியும்வரை அந்தச் சின்ன எழுத்தை அமத்தாதீர்கள். அவசரமென்றால் அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கு அழைத்து வங்கியுடன் நேரே பேசுங்கள்.

புறப்படும்போது மாமி தமது கைத்தொலைபேசியை நீட்டினார். வீதிக் கட்டணம் பாக்கியாம், உடனே செலுத்தவேண்டுமாம். இணைப்பை அமத்தியதும் பக்கம் எச்சரிக்கையின்றித் திறந்தது. “இதுக்கு ஒண்டும் வரேல்லைத்தானே, அப்ப நல்லதுதானே?” என்று கேட்டார்.

இல்லை. பிரதி உண்மையானது என்றுதான் நீதவான் கையொப்பமிடுகிறார். கொண்டுவந்தவர் நல்லவரா என்று அவர் விசாரிப்பதில்லை. ஏமாற்றுக்காரரும் தம் தளத்தின் பெயருக்கு ஒழுங்கான சான்றிதழ் பெறலாம். முகவரியை உரத்து வாசிக்கச் சொன்னோம். பாதி வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எனக்குக் கார் ஓடவே தெரியாதே, தம்பி” என்றார்.