சமூகப்பணி படிக்கிறீர்களா? களப்பணிக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

எம்.எஸ்.டபிள்யூ. சேரப் போகிறேன் என்றதும், "சமூக சேவை பண்றதுக்கு எதுக்குப்பா காலேஜ்?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். சேவைக்குப் பட்டம் வேண்டாம்தான். ஆனால் அடுத்தவர் வாழ்க்கைக்குள் தொழிலாகவே போய்வர பயிற்சி வேண்டும். நம் நாட்டில் இதற்கான படிப்பு 1936-ல் பம்பாயில் தொடங்கியது. 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது.

வகுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான படிப்பு களப்பணியில்தான். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு நாள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம் என்று அனுப்புவார்கள். அன்றைய அறிக்கையை அன்று இரவே எழுதிவிடுங்கள். பார்த்தது வேறு, நீங்கள் நினைத்தது வேறு. "கணவர் குடிகாரர்" என்று எழுதாதீர்கள். "வாரத்துல நாலு நாள் குடிச்சிட்டு வர்றார்" என மனைவி சொன்னதாக எழுதுங்கள்.

கையில் இருக்கும் போன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சந்திப்பவர்களின் போட்டோ, பெயர், முகவரி எதுவும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

ரகசியம் காப்பது இத்தொழிலின் முதல் பாடம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒரு சிறுமி உங்களிடம், "அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று கேட்டால், சத்தியம் செய்துவிடாதீர்கள். "உன் பாதுகாப்புக்கு அவசியம்னா சிலர்கிட்ட சொல்ல வேண்டி வரும்மா" என்று முதலிலேயே சொல்லுங்கள். அவள் சொல்வது பாலியல் துன்புறுத்தல் என்றால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தெரிந்தவர் எவரும் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும். மாணவர் என்பதால் விலக்கு இல்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், இரண்டும்கூட விதிக்கப்படலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

துருவித் துருவிக் கேட்காதீர்கள், அது விசாரணை அதிகாரியின் வேலை. அவள் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொண்டு, அன்றே கள மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அவர் "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் காத்திருக்க வேண்டாம். உங்கள் கடமை அவரிடம் சொன்னதோடு முடிவதில்லை. வழிகாட்டவும் உதவவும் 1098 எந்நேரமும் இயங்குகிறது.

இவ்வளவு பெரிய சிக்கல் தினமும் வராது. "பென்ஷனுக்கு எங்கம்மா எழுதிக் குடுக்கணும்?" என்று ஒரு பாட்டி கேட்பதுதான் அன்றாடம். இ-சேவை மையத்தில் மனு எப்படிப் போகிறது, வட்டாட்சியர் அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று ஒருமுறை நீங்களே நேரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

வேலை என்று பார்த்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், மருத்துவமனை எனப் பல இடங்கள் உண்டு. மனநலத் துறைக்குப் போக விரும்பினால் மட்டும் முன்கூட்டியே திட்டமிடுங்கள்: 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப்பணியாளருக்கு முதுநிலைப் பட்டத்தோடு இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பையும் கேட்கிறது.